நாட்டு மருந்தும் வயிற்று மாத்திரையும்

தறிக்குழியில் காலை வைத்து அமர்ந்த நெசவாளர், இன்னும் ஒரு முழம் முடியட்டும் என்று உச்சிப்பொழுதைக் கடத்தி விடுகிறார். நடவுக் காலத்தில் உழவரின் நிலையும் இதுவே. வேளை தவறிய உணவும் வெறும் வயிற்றில் அருந்தும் தேநீரும் சேர்ந்து, நெஞ்செரிச்சலும் புளியேப்பமும் நம் அங்கத்தினர் பலருக்கு உடன்பிறந்தவை போல் ஆகிவிட்டன. இதற்கென மருந்துக் கடையில் சீட்டின்றி வாங்கிய மாத்திரை ஒருபுறமும், நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சூரணமும் செந்தூரமும் மறுபுறமுமாக ஒரே மாடத்தில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே வேளையில் உட்கொள்ளலாமா என்று கேட்பவர் சிலரே. “நாட்டு மருந்துதானே, அது என்ன செய்துவிடும்?” என்பார்கள். நோயைத் தீர்க்கும் ஆற்றல் அதற்கு உண்டு என்று நம்பித்தான் வாங்குகிறோம். அவ்வாறாயின் மற்ற மருந்தோடு மோதும் ஆற்றலும் அதற்கு உண்டென ஒப்புக்கொள்ள வேண்டும் அல்லவா?

இரத்தச் சோகைக்குப் பெண்கள் உண்ணும் அன்னபேதிச் செந்தூரத்தை முதலில் கொள்வோம். அதிலுள்ளது இரும்பு. இரைப்பையின் அமிலத்தில் கரைந்தால்தான் அது உடலில் சேரும். உணவுக்குப்பின் செந்தூரத்தைத் தேனில் குழைத்து உண்டு, உடனே எரிச்சலுக்கு ஜெலுசில் போன்ற அமில முறிவு மருந்தை அருந்தினால், கரைய வேண்டிய அமிலம் முறிந்து போகிறது. செந்தூரம் பெரும்பாலும் மலத்தோடு கழிந்துவிடும். மாதக்கணக்கில் உண்டும் சோகை தீரவில்லையே என்று மருந்தின் மேல் பழி போடுகிறோம். இவ்விரண்டுக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேரம் விடுதல் வேண்டும். திரிபலாவிலுள்ள கடுக்காயின் துவர்ப்பும், உணவோடு அருந்தும் தேநீரும்கூட இரும்பைப் பற்றிக்கொள்ளும். அவற்றுக்கும் இவ்விடைவெளி பொருந்தும். ஆனால் ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் முதலிய மாத்திரைகளின் கதை வேறு. அவை அமிலம் சுரப்பதையே நாள் முழுவதும் குறைப்பவை. அங்கே மணிக்கணக்கு பார்ப்பதால் பெரும் பயன் இல்லை. அம்மாத்திரை இன்னும் தேவைதானா என்று மருத்துவரிடம் கேட்பதே வழி.

குன்மத்துக்குச் சித்த மருத்துவர்கள் தரும் சங்கு பற்பமும் பலகறை பற்பமும் சுண்ணாம்புச் சத்து கொண்டவை. கடையில் விற்கும் அமில முறிவு மாத்திரைகள் சிலவற்றிலும், எலும்புத் தேய்வுக்கு முதியோர் உண்ணும் மாத்திரைகளிலும் இருப்பது அதே சத்துதான். பெயர் வேறு, பொருள் ஒன்று! மூன்றையும் பாலோடு நாள்தோறும் உண்டு வந்தால் இரத்தத்தில் அச்சத்து மிகுந்து, மலச்சிக்கல், தாகம், குமட்டல் என்று தொடங்கிச் சிறுநீரகத்தையே தாக்கக்கூடும்.

அடுத்தது அதிமதுரம். தொண்டைக்கும் வயிற்றுப் புண்ணுக்கும் நல்லதென்று இதை வாரக்கணக்கில் உண்போர் உண்டு. இது உடலில் சோடியத்தைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, இரத்த அழுத்தத்தை உயர்த்தும். (பயிருக்கு நாம் இடும் பொட்டாஷ் உரத்தில் உள்ளதும் இந்தப் பொட்டாசியமே.) இதனோடு எரிச்சலுக்கு ஆப்பச் சோடாவைக் கரைத்துக் குடிப்பவரின் நிலை என்ன? சோடாவின் எடையில் கால் பங்குக்கு மேல் சோடியம். ஒரு நாளைக்கு 2 கிராம் சோடியத்துக்குள் நிற்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 5 கிராம் சோடாவிலேயே 1¼ கிராமுக்கு மேல் சேர்ந்துவிடுகிறது. இரத்த அழுத்தம் உள்ளவர்களும், நீர் பிரியும் மாத்திரை உண்பவர்களும், இதய நோயாளரும் இவ்விரண்டையும் நெருங்காதிருப்பதே நலம். இங்கே இடைவெளி விடுவதும் பயன் தராது.

நிலாவாரை நமக்குப் புதிதன்று. திருநெல்வேலிச் சீமையில் விளைந்த இலை உலகெங்கும் சென்று புகழ் பெற்றுள்ளது. விளைவிப்பவர்களே அதன் வலிவை அறிய வேண்டும். நெடுநாள் உண்டால் அதுவும் பொட்டாசியத்தை இழக்கச் செய்யும். மலமிளக்கும் சூரணங்கள் சிலவற்றில் அதிமதுரமும் நிலாவாரையும் சேர்ந்தே இருப்பதால், பொட்டலத்தின் மேல் உள்ள சேர்மானத்தைப் படித்துப் பார்க்கவும். கால் தசை குரங்கு பிடித்தாற்போல் இழுப்பதும், காரணமற்ற தளர்ச்சியும், நெஞ்சு படபடப்பும் இக்குறையின் அடையாளங்களாக இருக்கலாம். மலச்சிக்கலுக்கு நிலாவாரையை விட்டுப் பிசாகோடில் மாத்திரைக்கு மாறுவோர், அதைப் பாலோடும் அமில முறிவு மருந்தோடும் ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்கக்கூடாது. குடலில் கரைய வேண்டிய அதன் மேலுறை இரைப்பையிலேயே கரைந்து வயிற்றைப் பிசையும். இசப்புகோலுக்குத் தண்ணீர் தாராளமாக வேண்டும். மற்ற மருந்துகளை அதற்கு இரண்டு மணி நேரம் தள்ளி உண்க.

இன்னும் ஒன்று. இரும்புச் சத்து உண்போருக்கு மலம் கறுப்பது இயல்பு. ஆயினும் தார் போல் பிசுபிசுத்து, கெட்ட நாற்றத்தோடு, தலைச்சுற்றலும் கூடினால் அது உள்ளே புண்ணிலிருந்து ஒழுகும் குருதியாக இருக்கலாம். முதுகுவலிக்கு அடிக்கடி வலி மாத்திரை விழுங்கும் நெசவாளர் இதில் தனிக் கவனம் கொள்ள வேண்டும். அன்றே மருத்துவமனைக்குச் செல்க. விழுங்கச் சிரமம், உடல் மெலிவு, இரண்டு வாரம் கடந்தும் ஓயாத எரிச்சல் ஆகியவற்றுக்கும் மாத்திரையை மாற்றிப் பார்த்துக் காலம் கழிக்க வேண்டாம். போகும்போது மாடத்திலுள்ள பொட்டலங்கள், குப்பிகள், பற்பம் மடித்த தாள் உட்பட அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று, மருத்துவர் முன் வையுங்கள்.