தலாக் சொன்னால் போதுமா?
அமெரிக்கச் சம்பந்தங்களில் கவனிக்க வேண்டியவை



ஒரு வீட்டில் பெண்ணுக்கு வரன் வருகிறது என்று வைத்துக் கொள்வோம். மாப்பிள்ளை அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் உத்தியோகம் பார்க்கிறார். தொழுகையாளி, நல்ல குடும்பம். "முன்பு ஒரு நிக்காஹ் நடந்தது, ஒத்து வரவில்லை. தலாக் கொடுத்து இத்தாவும் முடிந்துவிட்டது" என்கிறார்கள். தலாக் நாமா ஒன்றும் காட்டப்படுகிறது. வலீயும் பெரியவர்களும் மனநிறைவடைந்து நாள் குறித்துவிடுகிறார்கள்.

இத்துடன் விசாரணை முடிந்துவிட்டதா? இல்லை. இன்னும் ஒரு தஸ்தாவேஜு பாக்கியிருக்கிறது. அதைக் கேட்டு வாங்காமல் பெண் கொடுப்பது ஆபத்து என்பதை விளக்கவே இதை எழுதுகிறோம்.

இரண்டு முடிச்சுகள்

நிக்காஹ் என்பது ஷரீஅத்தின் முடிச்சு. அந்த நிக்காஹ்வை நாட்டுச் சட்டமும் திருமணமாக ஏற்றுக் கொள்ளும்போது அது சட்டத்தின் முடிச்சாகவும் ஆகிவிடுகிறது. முறைப்படி சொல்லப்பட்ட தலாக் முதல் முடிச்சை அவிழ்க்கும். அமெரிக்காவில் வாழும் தம்பதியருக்கு இரண்டாவது முடிச்சை அவிழ்ப்பது நீதிமன்றத்தின் தீர்ப்பே. வாயால் சொன்ன தலாக்கையோ, பள்ளிவாசலில் எழுதிய காகிதத்தையோ அந்நாட்டு மாநிலங்கள் மணமுறிவாகக் கொள்வதில்லை.

மேரிலாந்து மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கு இதைத் தெளிவாக்கும். பாகிஸ்தானில் நிக்காஹ் முடித்து அம்மாநிலத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த தம்பதியர் அவர்கள். 2003-இல் மனைவி மாண்ட்கோமரி கவுண்டி நீதிமன்றத்தில் மணவிலக்குக் கோரினார். வழக்கு நடந்து கொண்டிருக்கும்போதே கணவர் வாஷிங்டனிலுள்ள பாகிஸ்தான் தூதரகத்துக்குச் சென்று தலாக் எழுதிக் கையெழுத்திட்டார். மஹர் பாக்கியைத் தவிர வேறெதுவும் தர வேண்டியதில்லை என்பது அவர் வாதம். 2008-இல் மேரிலாந்தின் உயர்ந்த நீதிமன்றம் அந்தத் தலாக்கை ஏற்க மறுத்தது. கணவரின் ஓய்வூதியத்தில் மனைவிக்குப் பங்குண்டு என்பதும் நிலைத்தது.

இப்போது நம் வரனுக்கு வருவோம். முதல் மணம் கோர்ட்டில் முறியாதிருந்தால், டெக்சாஸ் சட்டப்படி அவர் இன்னும் முதல் மனைவியின் கணவரே. அடுத்த திருமணம் அங்கே செல்லாது. மனைவிக்கு விசா கோரும்போதும் முந்தைய மணம் சட்டப்படி முடிந்ததற்கான ஆதாரம் கேட்கப்படும். காட்ட முடியாவிட்டால், நிக்காஹ் முடிந்த பெண் தாய் வீட்டிலேயே காத்துக் கிடக்க வேண்டியதுதான். ஒரு மனைவியை அந்தரத்தில் தொங்குபவளைப் போல் விட்டுவிடலாகாது என்று திருமறை அந்நிஸா அத்தியாயத்தின் 129-ஆம் வசனத்தில் அல்லாஹுத்தஆலா எச்சரித்திருப்பதை இங்கே நினைவு கூர்வோமாக!

ஏட்டைத் தேடும் முறை

கவுண்டி என்பது நம் மாவட்டத்தைப் போன்றதொரு பிரிவு. டெக்சாஸில் மட்டும் 254 கவுண்டிகள் உள்ளன. மணவிலக்கு வழக்கு எந்தக் கவுண்டியில் நடந்ததோ அங்கேதான் அதன் ஏடு இருக்கும். ஹூஸ்டன் நகரின் பெரும்பகுதி ஹாரிஸ் கவுண்டியைச் சேர்ந்தது. ஆகவே நகரின் பெயரோடு நின்றுவிடாமல் கவுண்டியின் பெயரையும் கேளுங்கள்.

அங்கே கவுண்டி கிளார்க், டிஸ்டிரிக்ட் கிளார்க் என்று இரண்டு அலுவலகங்கள் உண்டு. திருமணப் பதிவு முன்னதில். மணவிலக்குத் தீர்ப்பு பின்னதில். இடம் மாறிக் கேட்டுவிட்டு "ஏடே இல்லை" என்று முடிவு கட்டிவிடலாகாது. இருவரின் முழுப் பெயரும், உத்தேசமான ஆண்டும், முடிந்தால் வழக்கு எண்ணும் வேண்டும்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. ஊரில் இனிஷியலாக இருக்கும் தகப்பனார் பெயர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராகிவிடும். முஹம்மது என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் பலவிதமாக எழுதுகிறோம். ஆகவே பாஸ்போர்ட்டில் உள்ளபடியும், மற்ற எழுத்துக் கூட்டல்களிலும் தேடிப் பார்க்க வேண்டும்.

கவுண்டி தெரியாவிட்டால், மாநிலச் சுகாதாரத் துறையின் பதிவுப் பிரிவில் 1968 முதலான மணவிலக்குகளின் அட்டவணை உள்ளது. அங்கே கிடைக்கும் கடிதம் வழி காட்டுமேயன்றித் தீர்ப்பின் நகலுக்கு ஈடாகாது. நமக்கு வேண்டியது "ஃபைனல் டிக்ரீ ஆஃப் டைவோர்ஸ்" எனப்படும் இறுதித் தீர்ப்பின் சான்றிட்ட நகல். அதில் நீதிபதியின் கையெழுத்தும் தேதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கோர்ட்டு முத்திரையிட்ட வெறும் மனுவைக் காட்டி, "டைவோர்ஸ் ஆகிவிட்டது" என்று சொல்பவர்களும் இருக்கலாம். மனுப் போட்டுவிட்டுத் தொடராமல் விட்டால் வழக்குத் தள்ளுபடியாகிவிடும்; மணம் அப்படியே நிற்கும். தீர்ப்புக்குப் பின்னும் 30 நாட்கள் வரை, கோர்ட்டு விலக்களித்தாலன்றி, இருவரும் வேறு மணம் செய்யலாகாது. எனவே நாள் குறிக்குமுன் தேதியைக் கணக்கிடுங்கள்.

மனுச் செய்யும் சகோதரிக்கு

இணங்கி வாழ எல்லா வழியும் அடைபட்ட பின், பெண்ணே கோர்ட்டை நாட வேண்டி வரலாம். அதற்கு அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருக்க வேண்டுமென்பதில்லை. கணவன் மனைவி இருவரில் ஒருவர் டெக்சாஸை வாழிடமாகக் கொண்டு 6 மாதங்களும், அந்தக் கவுண்டியில் குடியிருந்து 90 நாட்களும் ஆகியிருக்க வேண்டும். கட்டணம் செலுத்த வசதியில்லாதவர் அதை எழுதிக் கொடுத்து விலக்குக் கோரலாம். மனுத் தாக்கலான பின் குறைந்தது 60 நாட்கள் கழித்தே தீர்ப்பு வரும். குடும்பத்தில் வன்முறை நடந்ததாகக் கோர்ட்டு கண்ட வழக்குகளுக்கு இதில் விலக்குண்டு.

இந்த 60 நாட்களை இத்தாவாக எண்ணிவிடலாகாது. இத்தா ஷரீஅத்தின் பிரிவு நிகழ்ந்த நேரத்திலிருந்து தொடங்குவது. அதன் கணக்கு வேறு. மனைவி பெற்ற கோர்ட்டுத் தீர்ப்பு மட்டுமே ஷரீஅத்தில் பிரிவாகுமா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே கணவரிடமிருந்து தலாக்கோ குலாவோ பெற முயல வேண்டும். அவர் மறுத்தால் பஸ்கு பற்றித் தக்க ஆலிம்களை அணுக வேண்டும். தலாக் இருந்து தீர்ப்பு இல்லாவிட்டாலும், தீர்ப்பு இருந்து தலாக் இல்லாவிட்டாலும் தவிப்பவள் பெண்தான்.

வந்த தாளை மூடி வைக்காதீர்

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. சில கணவர்கள் மனைவியை ஊருக்கு அனுப்பி வைத்துவிட்டு அங்கே வழக்குத் தொடுப்பதுண்டு. சில நாட்களில் கோர்ட்டுத் தாள் பெண்ணின் தாய் வீட்டுக்கு வந்து சேரும். "நம்மை என்ன செய்துவிடுவான்!" என்ற கோபத்திலோ, வெளியே தெரிந்தால் வெட்கம் என்றோ அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். டெக்சாஸ் முறைப்படி, தாள் முறையாகக் கையில் கிடைத்து 20 நாட்கள் கழிந்ததும் வரும் திங்கட்கிழமை காலை 10 மணிக்குள் பதில் கோர்ட்டுக்குச் சேர வேண்டும். பதில் இல்லையேல், அவள் இல்லாமலேயே மணவிலக்கும், சொத்துப் பிரிவினையும் தீர்ப்பாகிவிடலாம். அன்றைக்கே அந்த மாநிலத்து வக்கீல் ஒருவரைத் தேடுவதே அறிவுடைமை.

மஹரையும் தெளிவாக எழுதிக் கொள்ளுங்கள். 2002-இல் நியூஜெர்சி நீதிமன்றம் ஒன்று, நிக்காஹ் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்த 10,000 டாலர் மஹர் பாக்கியை ஒப்பந்தக் கடனாக ஏற்று, கணவர் செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. தொகை எழுத்தில் இருந்ததே அதற்கு உதவியது.

எழுதுவதும் சாட்சி வைப்பதும் நமக்குப் புதியவை அல்ல. கடனை எழுதிக் கொள்ளுமாறு அல்பகரா அத்தியாயமும் (2:282), மனைவியைப் பிரியும்போது நேர்மையான இருவரைச் சாட்சியாக்குமாறு அத்தலாக் அத்தியாயமும் (65:2) கட்டளையிடுகின்றன. ஆகவே "தீர்ப்பின் நகலைக் காட்டுங்கள்" என்று மாப்பிள்ளை வீட்டாரைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. ஒளிவுமறைவில்லாதவர் மகிழ்ச்சியோடு தருவார். தர மறுப்பவரிடம் பெண்ணைத் தராதிருப்பதே நலம்.

வல்ல அல்லாஹ் நம் வீடுகளில் இணக்கத்தை நிலைக்கச் செய்வானாக! பிரிய நேர்ந்தாலும் நல்ல முறையில் பிரியும் பண்பைத் தந்தருள்வானாக! ஆமீன்.