அறிவியல் எழுத்தில் உருபும் சொல்லும்

அடர் கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது, அமிலத்தையே நீரில் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்குதல் வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றினால், எழும் வெப்பத்தால் நீர் கொதித்து அமிலம் தெறிக்கும். ஆய்வகக் குறிப்பொன்றில் ‘அமிலம் நீர் சேர்க்கவும்’ என்றிருப்பின், எதை எதில் சேர்ப்பது? வேற்றுமை உருபு தொக்கு நிற்பது செய்யுளுக்கு அழகு. செய்முறைக் குறிப்பிலோ அது கண்ணுக்கே ஊறு விளைவிக்கும். ‘ஐ’யும் ‘இல்’லும் வெளிப்பட நின்றால்தான் பொருள் தெளியும். இரண்டாம் வேற்றுமை விரியில் வல்லினம் மிகுமாதலின் ‘அமிலத்தைச் சேர்க்க’ என எழுதுக. ஒற்று விடுபடுதலும் பிழையே. எனினும் அதனால் எவர் கையும் வேகாது.

சொற்றேர்விலும் இத்தகைய மயக்கம் உண்டு. பேச்சு வழக்கில் நிறையும் எடையும் ஒன்றே. இயற்பியலில் அவை வேறு. நிறையின் அலகு கிலோகிராம். எடை என்பது ஈர்ப்பால் விளையும் விசையாதலின், அதன் அலகு நியூட்டன். 60 கிலோகிராம் நிறையுடைய ஒருவர் நிலவில் நின்றாலும் அவர்தம் நிறை மாறாது. எடையோ ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறையும். ‘நீரின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸ்’ என்பதும் வழுவே. அவ்வலகால் அளக்கப்படுவது வெப்பநிலை.

‘ஒவ்வொரு குழாய்களிலும்’ என்பதை ‘ஒவ்வொரு குழாயிலும்’ எனத் திருத்துக.