நோயுற்ற குழந்தைகளுக்காக ஓடுவது ஏன்?

முன்னுரை

"நீ ஓடினால் அந்தப் பிள்ளைகளின் நோய் தீருமா? பணத்தை நேராகக் கொடுத்துவிட்டுப் போகலாமே!"

சென்ற ஆண்டு கோலாலம்பூரில் நடந்த ஓர் அரை மாரத்தான் ஓட்டத்தில் பங்கெடுத்து, புற்றுநோயால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக நான் நன்கொடை திரட்டினேன். அப்போது விடுதித் தோழன் ஒருவன் கேட்ட கேள்வி இது. அன்று சிரித்து மழுப்பிவிட்டேன். அக்கேள்விக்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

எனக்கும் ஓட்டத்திற்கும் உள்ள தொடர்பு

நான் பிறவி ஓட்டக்காரன் அல்லன். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்றபோது சாக்கு ஓட்டம்தான் எனக்குத் தெரிந்த ஓட்டம். தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பிறகு, ஆண்டுதோறும் நடக்கும் குறுக்கோட்டப் போட்டியில் கடைசிப் பத்துப் பேரில் ஒருவனாக வந்து சேர்வேன்.

நான் இரண்டாம் படிவத்தில் இருந்தபோது, தெலுக் இந்தானில் வசிக்கும் என் சித்தி மகனுக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தது. காலில் காரணமில்லாமல் கன்றிப்போன தடங்கள் தோன்றின. இரத்தப் பரிசோதனைக்குப் பின் இரத்தப் புற்றுநோய் என்றார்கள். அப்போது அவனுக்கு வயது ஐந்து. சிகிச்சைக்காகக் கோலாலம்பூருக்கு அனுப்பப்பட்டான்.

அரசாங்க மருத்துவமனை என்பதால் கட்டணம் பெரும் சுமையாக இருக்கவில்லை. சித்தியை வாட்டியவை வேறு. இச்சிகிச்சை ஒரு மாதத்தில் முடிவதன்று. இரண்டாண்டுகளுக்கு மேல் நீடித்தது. சித்தி தொழிற்சாலை வேலையை விட்டார். சித்தப்பாவின் லோரிச் சம்பளம் மட்டுமே மிஞ்சியது. பேருந்துச் செலவு, சாப்பாட்டுச் செலவு, தங்குமிடம், வீட்டில் விட்டுவந்த இளைய பிள்ளை எனக் கவலைகள் வரிசை கட்டி நின்றன. ஒருமுறை கையில் காசில்லாமல் சிகிச்சை நாளையே தள்ளிப்போட நினைத்ததாகச் சித்தி பிற்பாடு சொன்னார். பாதியில் நிற்கும் சிகிச்சை பலன் தராது என்பது அவருக்கும் தெரியும்.

அப்போது கைகொடுத்தது ஓர் அறநிறுவனம். மருத்துவமனைக்கு அருகில் இலவசமாக ஓர் அறை தந்தது. பள்ளி விடுமுறையில் அங்குச் சென்றபோது, பொதுச் சமையலறைச் சுவரில் ஓட்டப் பதக்கங்கள் தொங்குவதைக் கண்டேன். "இதெல்லாம் நமக்காக ஓடுனவங்க விட்டுட்டுப் போனதுடா" என்றார் சித்தி. அந்தச் சுவர் என் மனத்தில் பதிந்துவிட்டது.

இருவர் காட்டிய வழி

இவ்வகை ஓட்டங்களின் வரலாற்றைப் படித்தபோது இருவர் என்னைக் கவர்ந்தனர். முதலாமவர் கனடா நாட்டு டெரி ஃபாக்ஸ். எலும்புப் புற்றுநோயால் 1977ஆம் ஆண்டு, தமது 18ஆம் வயதில், வலது காலை இழந்தவர். மருத்துவமனையில் தம்மோடு சிகிச்சை பெற்றவர்கள், குறிப்பாகச் சிறுவர்கள், பட்ட துன்பம் அவரை உறங்கவிடவில்லை. புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட, 1980 ஏப்ரல் 12ஆம் நாள் செயற்கைக் காலோடு கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கினார். நாள்தோறும் ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரம் என 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் செப்டம்பர் 1ஆம் நாள் ஓட்டம் நின்றது. 1981 ஜூன் 28ஆம் நாள் மறைந்தபோது அவருக்கு வயது 22. இன்று என் வயதும் அதுதான். தங்கள் பொருளை விளம்பரப்படுத்தக் கேட்ட நிறுவனங்களின் உதவியை அவர் ஏற்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

இரண்டாமவர் அமெரிக்காவைச் சேர்ந்த புரூஸ் கிளிலண்ட். 1986இல் அவருடைய சின்னஞ்சிறு மகளுக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. மகள் பிழைத்தாள். தந்தை அதோடு நிற்கவில்லை. 38 பேரைக் கூட்டி, பயிற்சி பெற்று, 1988ஆம் ஆண்டு நியூயார்க் மாரத்தானில் ஓடி, 3,22,000 அமெரிக்க டாலர் திரட்டினார். பயிற்சி பெற்ற குழுவாக ஓடி நிதி திரட்டும் முறை பரவ இது வழிவகுத்தது.

திரட்டிய பணம் வீணாகவில்லை. 1960களின் தொடக்கத்தில் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. இன்று, குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் இரத்தப் புற்றுநோய் வகையில், வளர்ந்த நாடுகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 90 குழந்தைகள் பிழைக்கின்றனர். மருந்து ஆராய்ச்சியும், சிகிச்சையை இடைவிடாமல் முடிப்பதும் இதற்கு முக்கியக் காரணங்கள்.

பணம் எங்கே போகிறது?

இங்கு நாம் தெளிவு பெற வேண்டியது ஒன்றுண்டு. ஓட்டத்திற்குக் கட்டும் பதிவுக் கட்டணம் முழுவதும் குழந்தைகளுக்குப் போய்ச் சேரும் எனப் பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. சட்டை, பதக்கம், தண்ணீர், சாலை மூடுதல் ஆகியவற்றுக்கே அதில் பெரும்பகுதி செலவாகலாம். குழந்தைகளுக்கு உதவுவது, ஓடுபவர் தனியாகத் திரட்டித் தரும் நன்கொடையே. எனவே, எவ்வளவு தொகை யாருக்குச் செல்கிறது என்பதை முதலில் கேளுங்கள். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்பு என்றால் கொடுப்பவருக்கு வரி விலக்குக்கான இரசீதும் கிடைக்கும். பணத்தை நம் கையில் வாங்காமல் நேரே அமைப்பின் கணக்கில் செலுத்தச் சொல்வது நல்லது.

"உங்க படத்தைப் போடுங்க"

நன்கொடைத் தாளில் என் சித்தி மகனின் பழைய படத்தைப் போட விரும்பினேன். முடி கொட்டிய தலையும் முகக்கவசமுமாக இருந்த படம். பார்ப்பவர் மனம் இளகும் என்பது என் கணக்கு. அவன் இப்போது முதலாம் படிவ மாணவன். சிகிச்சை முடிந்து ஐந்தாண்டுகள் கடந்துவிட்டன. கேட்டவுடன் மறுத்துவிட்டான்.

"அண்ணே, என் மொட்டைத் தலையைக் காட்டிக் காசு கேக்காதீங்க. நீங்கதானே ஓடுறீங்க? உங்க படத்தைப் போடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. என் படத்தையே போட்டேன். 43 பேர் கொடுத்தனர்; 1,860 ரிங்கிட் சேர்ந்தது. விடுதி உணவகத்து மக்சிக் ஐந்து ரிங்கிட் கொடுத்து, "ஓடி முடிச்சிட்டு வந்து சொல்லணும்" என்று மலாயில் கட்டளையிட்டார்.

நான்கு மாதங்கள் பயிற்சி செய்தேன். மூன்று கிலோமீட்டரில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாகத் தூரத்தைக் கூட்டினேன். ஓட்ட நாளன்று விடியுமுன் புறப்பட்டோம். பதினாறாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சற்றுத் தூரம் நடந்தேன். 43 பேருக்கும் மக்சிக்குக்கும் என்ன சொல்வது என்ற எண்ணமே மறுபடியும் என்னை ஓட வைத்தது. 21.1 கிலோமீட்டரை முடிக்க இரண்டு மணி ஐம்பத்திரண்டு நிமிடங்கள் ஆயின.

முடிவுரை

பிள்ளைக்கு நோய் தீர வேண்டிப் பத்துமலைக்குப் பால்குடம் சுமந்த தாய்மார்கள் நம்மில் எத்தனையோ பேர். அன்புக்காக உடலை வருத்துவது நமக்குப் புதிதன்று. அத்தாய் தன் பிள்ளைக்காக நடக்கிறாள். நாம் பெயர் தெரியாத பிள்ளைக்காக ஓடுகிறோம். வேறுபாடு அவ்வளவே.

தோழனே, உன் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். ஓடுவதால் நோய் தீராது. நேராகக் கொடுக்க முடிந்தவர் தாராளமாகக் கொடுக்கட்டும். மாணவனான என்னிடம் 1,860 ரிங்கிட் இல்லை. கேட்டுத்தான் பெற வேண்டும். கேட்கும்போது ஒரு குழந்தையின் துன்பத்தைக் கடைவிரிக்காமல், என் வியர்வையைக் காட்டிக் கேட்க ஓட்டம் வழி செய்தது. அக்குழந்தை நாளை வளர்ந்து நம் முன் நிமிர்ந்து நிற்கும்போது, நாமும் அவன் முகத்தைக் கூசாமல் பார்க்கலாம்.

என் பதக்கத்தை அந்தச் சமையலறைச் சுவரில் மாட்டிவிட்டு வந்தேன். அங்கே இன்னும் இடம் இருக்கிறது, நண்பர்களே.