ட்ரயல்ஸ் சைக்கிளுக்கு எத்தனை பல்?

ட்ரயல்ஸ் போட்டியில் பாறைகளையும் மரத்துண்டுகளையும் கான்கிரீட் கட்டைகளையும் கால் தரையில் படாமல் சைக்கிளிலேயே கடக்க வேண்டும். ஓட்டுபவர் உட்காருவதே இல்லை. போட்டிக்கென்று செய்த சைக்கிள்களில் பெரும்பாலும் சீட்டும் கிடையாது. கியர் ஒன்றே ஒன்று. மோட்டார் சைக்கிள் ட்ரயல்ஸை மிதிவண்டிக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஸ்பெயினின் கட்டலோனியாவைச் சேர்ந்த பெரே பி. அவருடைய மகன் ஓட் பி பின்னாளில் உலக சாம்பியன் ஆனார். சர்வதேச சைக்கிள் சம்மேளனமான யூ.சி.ஐ. 1986 முதல் உலக சாம்பியன் போட்டியை நடத்திவருகிறது. மோட்டார் வண்டியில் எஞ்சினும் கிளட்சும் சேர்ந்து செய்யும் வேலையை, இங்கே கால் வட்ட மிதி ஒன்று செய்தாக வேண்டும். அந்த மிதி எவ்வளவு தூரமாக மாறும், எவ்வளவு தள்ளுவிசையாக மாறும் என்பதை முன் செயின்வீலும் பின் பல்சக்கரமும் முடிவு செய்கின்றன.

கணக்கு எளிது. முன் பல் எண்ணிக்கையைப் பின் பல் எண்ணிக்கையால் வகுத்து, சக்கரத்தின் விட்டத்தை அங்குலத்தில் பெருக்கினால் வருவது கியர் அங்குலம். 28 அங்குலச் சக்கரமும் 44க்கு 18 பல்லும் கொண்ட சாலைச் சைக்கிளுக்கு இது 68. ட்ரயல்ஸ் சைக்கிளுக்கு அதில் பாதியும் வராது. 20 அங்குல வண்டியில் வழக்கமான 18:12 ஜோடி 30 அங்குலம் தருகிறது. 24 அங்குல வண்டியில் 18:14 தருவது 30.9. 26 அங்குலத்தில் 18:15 என்றால் 31.2, 22:18 என்றால் 31.8. சக்கரம் எதுவானாலும் விடை 30க்கும் 32க்கும் நடுவில்தான் வந்து நிற்கிறது. டயரின் பருமனால் வரும் வேறுபாடு இரண்டு மூன்று சதவீதம்தான். பின்னால் ஒரு பல் மாறினாலே அதைவிட இருமடங்கு மாற்றம் வந்துவிடும் என்பதால், சக்கரத்தின் பெயரளவு விட்டமே கணக்குக்குப் போதும்.

எல்லோரும் ஏன் இந்த இரண்டு அங்குல இடைவெளிக்குள் வந்து சேர்கிறார்கள் என்பது பின்சக்கரத்தில் நின்று பாயும் தாவலைப் பார்த்தால் விளங்கும். பின் பிரேக்கை இறுக்கி, முன்சக்கரம் காற்றில் இருக்க, ஓட்டுபவர் முன்னால் சாய்கிறார். பிரேக்கை விட்ட அதே நொடியில் முன்பெடலை ஓங்கி மிதிக்கிறார். பெடல் ஏறக்குறைய கால் வட்டம் சுற்றுகிறது. அதற்குள் வண்டி வேகம் பிடித்து எழும்பிவிட வேண்டும். 26 அங்குலச் சக்கரம், 175 மி.மீ. கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு), 18:15 பல் என்று வைத்துக்கொண்டால், பெடலில் 100 கிலோ விசை விழும்போது தரையைத் தள்ளுவது சுமார் 44 கிலோ. கால் வட்டத்தில் வண்டி நகர்வது 62 சென்டிமீட்டர். பின்னால் 16 பல் போட்டால் தள்ளுவிசை 47 கிலோவாக உயரும், தூரம் 58 சென்டிமீட்டராகக் குறையும். 14 பல் போட்டால் 41 கிலோ, 67 சென்டிமீட்டர். ஒரு பல்லுக்கு விலை மூன்று கிலோ. கிடைப்பதோ இழப்பதோ நாலைந்து சென்டிமீட்டர்.

தாளில் அற்பமாகத் தெரியும் இந்த வித்தியாசத்தைக் கால் உடனே கண்டுபிடித்துவிடும். கியர் மிகவும் லேசாக இருந்தால் பெடல் சட்டென்று அடிமட்டத்துக்குப் போய்விடும். அதற்குப் பிறகு மிதிக்க எதுவும் மிச்சமில்லை. வண்டியின் முன்பக்கம் எழும்பும், ஓட்டுபவர் பின்னால் சரிவார், தூரம் மட்டும் வராது. கனமாக இருந்தால் உடலின் முழு எடையும் பெடலில் இறங்கிய பிறகும் வண்டி மந்தமாகவே கிளம்பும். நின்ற இடத்திலிருந்து பாய்வதற்கு லேசான கியர் உதவும். ஓடிவந்து சுவரில் முன்சக்கரத்தைத் தட்டி ஏறுவதற்குக் கொஞ்சம் கனம் வேண்டும். 31 அங்குலத்தில் நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தாலும் வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர்தான். இரு வேலைகளுக்கும் பொதுவாக அமைந்த இடமே அந்த 30–32. பக்கவாட்டுத் தாவலில் பெடலுக்குப் பெரிய வேலை இல்லை. அதை மனத்தில் வைத்துக் கியர் தேட வேண்டியதில்லை.

கியர் அங்குலம் மறைத்துவிடும் ஒன்று கிராங்கின் நீளம். அமெரிக்கச் சைக்கிள் மெக்கானிக் ஷெல்டன் பிரவுன் இதற்காகவே வேறொரு அளவையை முன்வைத்தார்: பெடல் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் வண்டி எத்தனை சென்டிமீட்டர் நகரும்? 20 அங்குல வண்டியில் 18:12 பல்லும் 170 மி.மீ. கிராங்கும் இருந்தால் விடை 2.24. 26 அங்குலத்தில் 18:15, 175 மி.மீ. என்றால் 2.26. இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். ஆனால் சிறுவர்களுக்காக 150 மி.மீ. கிராங்க் பூட்டிய 20 அங்குல வண்டியில் அதே 18:12 என்பது 2.54 ஆகிவிடுகிறது. பெரியவர்களின் ஜோடியை அப்படியே சிறுவருக்கு மாட்டிவிட்டு, பையனுக்குக் காலில் வலு இல்லை என்று முடிவு கட்டுவது பயிற்சி தருபவர்கள் செய்யும் தவறு. பின்னால் 14 பல் போட்டால் எண் 2.18க்கு இறங்கும், தாவலும் அவன் கைக்கு வரும்.

விகிதம் ஏறக்குறைய ஒன்றேயானால், 18:15, 22:18 ஆகிய இரண்டில் எது? உண்மையில் தேர்வு செய்ய வேண்டியது இங்கேதான். செயின்வீல் சிறிதாகும்போது அதே மிதிக்குச் செயினில் விழும் இழுவை கூடுகிறது. 18 பல் செயின்வீலின் ஆரம் சுமார் 36.6 மி.மீ.; 22 பல்லுக்கு 44.6 மி.மீ. 175 மி.மீ. கிராங்கின் நுனியில் 70 கிலோ எடையுள்ளவர் வெறுமனே ஏறி நின்றாலே, 18 பல்லில் செயின் தாங்குவது ஏறக்குறைய 335 கிலோ; 22 பல்லில் 275 கிலோ. ஓங்கி மிதிக்கும்போது இது இன்னும் ஏறும். ஆகவே 22 பல்லில் செயினும் பல்லும் தேய்வது குறையும். இன்னொரு வசதியும் உண்டு: பின்னால் பல் அதிகமாக இருப்பதால் ஒரு பல் மாற்றம் சிறிய மாற்றமாகவே வரும். 18:15இலிருந்து 18:14க்குப் போனால் கியர் 7 சதவீதம் கனக்கிறது. 22:18இலிருந்து 22:17க்குப் போனால் 6 சதவீதத்துக்கும் கீழே. 18:12இலிருந்து 18:11க்குத் தாவினால் 9 சதவீதம்.

எதிர்ப்பக்கத்தில் 18 பல்லுக்குச் சொல்ல வேண்டியது எடையும் அடிமட்ட இடைவெளியும். செயின்வீல் கீழ்ப்புறத்தில் 8 மி.மீ. மேலே ஏறிவிடுகிறது, பாறை விளிம்பில் வயிறு இடித்து நிற்கும் வண்டிக்கு அந்த 8 மி.மீ. சின்ன விஷயமல்ல. பல்லைக் காக்கும் வளையமும் அதற்கேற்பச் சிறிதாகிறது. இதைவிடப் பெரிய காரணம், மிதிக்காதபோதும் வண்டியை உருள விடும் ஃப்ரீவீல். ட்ரயல்ஸில் ஃப்ரீவீலைக் கிராங்கிலேயே பொருத்தும் வழக்கம் உண்டு. அப்படி வரும் ஃப்ரீவீல்கள் பெரும்பாலும் 18 பல்தான். முன் ஃப்ரீவீல் வேண்டும் என்று முடிவு செய்தவருக்கு முன் எண் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. மாற்றக் கூடியது பின்பக்கம் மட்டும்.

ஃப்ரீவீல் முன்னாலா பின்னாலா என்பதிலும் விகிதம் வந்து குறுக்கிடுகிறது. 72 இடங்களில் பிடிக்கும் பொறியில், பிடி விழுவதற்கு முன் வெறுமனே சுற்றும் கோணம் அதிகபட்சம் 5 பாகை. அது கிராங்கில் இருந்தால் பெடல் உணர்வதும் அதே 5 பாகை. பின்சக்கர ஹப்பில் இருந்தால் அதை விகிதத்தால் வகுக்க வேண்டும்: 18:12 என்றால் 3.3 பாகை, 18:15 என்றால் 4.2. ஹப்புக்குள் போகும் முறுக்கும் அதே அளவுக்குக் குறைகிறது. ஆக, நல்ல ஹப்பை வாங்கும் வசதி உள்ளவருக்குப் பின்பக்கமே மேல். முன் ஃப்ரீவீலில் வண்டி உருளும் வரை செயினும் ஓடிக்கொண்டே இருக்கும். விரலோ கால்சட்டை விளிம்போ உள்ளே போனால் நிற்காது. ஆனாலும் அதற்கு ஒரு நன்மை உண்டு. கிராங்குக்கும் செயின்வீலுக்கும் உள்ள நிலை ஓயாமல் மாறுவதால் பற்கள் எல்லாம் சமமாகத் தேயும். பின் ஹப்பில், எப்போதும் ஒரே காலால் மிதிக்கும் ஓட்டுபவரின் செயின்வீலில் குறிப்பிட்ட சில பற்களே எல்லா அடியையும் வாங்குகின்றன.

புதிதாகத் தொடங்குபவர் தன் சக்கர அளவுக்கு உரிய வழக்கமான ஜோடியையே எடுப்பது நல்லது. தாவும் நுட்பம் படியாத காலத்தில் கியர் சரியில்லை என்று தோன்றுவது பெரும்பாலும் பிரேக்கை விடும் நேரம் தவறுவதால்தான். பழைய மலைச் சைக்கிள் கையில் இருந்தால் செலவில்லாமல் சோதிக்கலாம். அவற்றின் மூன்று செயின்வீல்களில் சிறியது பெரும்பாலும் 22 பல். பின் அடுக்கில் 18ஐ ஒட்டிய பல்லில் செயினைப் போட்டு, பக்கத்துப் பற்களையும் மிதித்துப் பார்த்தால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும். கியர் மாற்றியைப் பாறையில் இடித்து உடைப்பதற்கு முன் அந்தச் சோதனை முடிந்துவிட வேண்டும். உயரமும் கால் வலுவும் உள்ளவர், உள்ளரங்கில் ஓடிவந்து ஏறும் தடைகளை விரும்புபவர் ஒரு பல் கனமாகப் போகலாம். ஈரப் பாறையில் ஓட்டுபவருக்கும் அது ஓரளவு உதவும். சக்கரம் வழுக்குவது குறையும். டேனி மெக்காஸ்கில் 24 அங்குல வண்டியில் பிரபலமாக்கிய தெரு ட்ரயல்ஸில் ஒரு தடையிலிருந்து அடுத்ததற்கு ஓடிப்போக வேண்டியிருப்பதால், 18:13 தரும் 33 அங்குலமும் அதற்கு மேலும் பொருந்தும்.

பின்னால் ஒரு பல் மாறினால் அச்சு சுமார் 3 மி.மீ. முன்னோ பின்னோ நகர வேண்டும். அச்சு நகரும் பள்ளம் உள்ள சட்டத்தில் இது எளிது. ஆனால் ரிம் பிரேக்கின் கட்டைகளையும் புதிதாகச் சரிசெய்ய வேண்டியிருக்கும். முன் ஃப்ரீவீல் வண்டியில் பின் பல்சக்கரம் மரை திருகிப் பொருத்தியது. ஒவ்வொரு மிதியும் அதை மேலும் இறுக்கியிருக்கும் என்பதால், கழற்றுவதற்கு நீளமான பிடியுள்ள செயின் சாவி வேண்டும். பல்சக்கரத்தை மாற்றும்போது செயினையும் மாற்றிவிட வேண்டும். நீண்டுபோன பழைய செயின் புதிய பல்லில் சரியாக உட்காராமல் தாவும். பாயும் மிதியின் நடுவில் அது நடந்தால் ஓட்டுபவர் கைப்பிடிக்கு மேலாக விழுவார்.