வாணிபத்தின் பயன் யாது?



எங்கள் ஊர் ஜினாலயத்தில் ஞாயிறுதோறும் சிறுவர்க்கு நடைபெறும் பாடத்தில், ஒருநாள் ஐந்து அணுவிரதங்களையும் விளக்கிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்பில் பயிலும் சிறுமி ஒருத்தி எழுந்து, "பாட்டி, எங்கள் அப்பா கடை வைத்திருக்கிறார். லாபம் சேர்ப்பதும் பரிக்கிரகம்தானே? அப்படியானால் அவர் தினமும் பாவம் செய்கிறாரா?" என்று வினவினாள். அடுத்த வாரம் விடை கூறுவதாகச் சொல்லி அவளை அமரச் செய்தேன். நம் குடும்பங்களில் பெரும்பாலானவை உழவையே நம்பி வாழ்ந்தவை. இன்று பிள்ளைகள் பலர் கடையும் தொழிலும் நடத்துகின்றனர். ஆதலின் இவ்வினா அச்சிறுமிக்கு மட்டும் உரியதன்று.

வாணிபம் தோன்றிய காரணம்

ஆதிபகவனாகிய விருஷபதேவர் வரலாற்றை ஸ்ரீபுராணத்தில் பயின்றிருப்போம். வேண்டியவற்றை வழங்கிய கற்பக மரங்கள் குன்றிப்போன காலத்தில், பிழைக்கும் வழியறியாத மக்கள் அவரை அடைந்து முறையிட்டனர். அவர் அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிஜ்யம், சில்பம் என்னும் அறுவகைத் தொழில்களைக் கற்பித்தருளினார். அவற்றுள் வாணிஜ்யமே வாணிபம்.

இங்கு ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். மக்கள் பொருள் குவிக்க வழி கேட்கவில்லை. உயிர் வாழ வழி கேட்டனர். அதற்கு விடையாகவே வாணிபமும் கற்பிக்கப்பட்டது. ஓரிடத்தில் மிகுந்திருப்பதை, அஃது இல்லாத இடத்திற்குக் கொண்டு சேர்ப்பது வாணிபன் பணி. உத்திரமேரூர் வயலில் விளையும் நெல் நகரத்துச் சமையலறையை அடைவதும், காஞ்சித் தறியில் நெய்த சேலை தொலைவிலுள்ள மணமகளை அடைவதும் அப்பணியால்தான். இலாபம் அவன் உழைப்புக்குரிய ஊதியம். மறுநாளும் கடையைத் திறக்க வைக்கும் முதல். இலாபமே இல்லாத கடை மூடப்படும். மூடிய கடையால் ஊருக்கு உதவி இல்லை. விளக்கெரிய எண்ணெய் வேண்டும். எனினும் எண்ணெய்க்காக எவரும் விளக்கேற்றுவதில்லை.

எல்லை எங்கே?

சமந்தபத்திர ஆசாரியர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதனைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தார்க்கு இவ்வெல்லையைத் தெளிவாக வகுத்துள்ளன. ஒவ்வொரு விரதத்திற்கும் ஐந்து அதிசாரங்கள், அதாவது விரதத்தை ஊனப்படுத்தும் குற்றங்கள், கூறப்படுகின்றன. அவற்றைக் கடைக்குரிய சட்டங்களாகவே படிக்கலாம்.

கள்ளாமை விரதத்தின் குற்றங்கள்: களவைத் தூண்டுதல், களவுப் பொருளை வாங்குதல், அரசின் விதியை மீறுதல், ஒத்த பொருளைக் கலப்படம் செய்தல், அளவிலும் நிறையிலும் கூட்டிக் குறைத்தல். மிளகில் பப்பாளி விதை கலப்பதும், தராசைச் சரிக்கட்டுவதும், பில் இல்லாமல் விற்பதும் இவற்றுள் அடங்கும்.

கொல்லாமை விரதத்தின் குற்றங்களுள் மிகுசுமை ஏற்றுதலும், உரிய வேளையில் உணவைத் தடுத்தலும் உள்ளன. முன்னோர் வண்டி மாட்டை எண்ணி இவற்றைக் கற்றனர். நாம் கடையில் பணிபுரியும் பிள்ளைகளையும் எண்ண வேண்டும். நாள் முழுதும் நின்றே பணி செய்யும் கடை ஊழியர்க்கு இருக்கை தரப்பட வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் சட்டத் திருத்தம் செய்தது. ஒரு நாற்காலி இடுவதற்கும் சட்டம் வரவேண்டியதாயிற்று! அணுவிரதம் ஏற்றவன் அதற்கு முன்பே அதனை இட்டிருக்க வேண்டும்.

பொருள் வரையறை விரதத்தின் குற்றங்களுள் அளவிறந்த சேமிப்பும் அளவிறந்த ஆசையும் கூறப்படுகின்றன. விலை ஏறட்டும் என்று தானியத்தைப் பதுக்குவது முதலாவது. நல்ல விலை பெற்ற பின்னும் மனம் நிறையாதிருப்பது இரண்டாவது.

நம்மூர்க் கல்வெட்டு

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளைக் (கி.பி. 919, 921) குடவோலைக்காகவே யாவரும் போற்றுவர். அவை அந்தணர் சபையின் விதிகள். எனினும் அவற்றில் நமக்கும் பாடம் உண்டு. ஏரி, தோட்டம், பொன் ஆகியவற்றுக்குத் தனித்தனி வாரியங்கள் இருந்தன. வாரியத்திற்கு வருவோர்க்கு நிலமும் வீடும் கல்வியும் மட்டும் போதா; அர்த்த சௌசம், அதாவது நல்வழியில் ஈட்டிய தூய பொருளும் வேண்டும். முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். எவ்வளவு பொருள் என்பதோடு, எவ்வழி வந்தது என்றும் ஊர் கேட்டது.

மதுரையில் ஒரு சான்று

நிறுவனம் ஒன்றை இவ்வெண்ணத்தோடு நடத்த இயலுமா என்பார்க்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை விடையாகும். டாக்டர் கோ. வெங்கடசாமி இளமையிலேயே மூட்டுவாதத்தால் விரல்கள் கோணியவர். அவ்விரல்களாலேயே அறுவை செய்யப் பழகினார். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, 1976-இல் பதினொரு படுக்கைகளுடன் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டணம் செலுத்துவோரிடமிருந்து வரும் வருவாயில் மிகுவது, செலுத்த இயலாதவர்க்குப் பார்வை தரப் பயன்பட்டது. கண்ணுள் பொருத்தும் வில்லை அந்நாளில் வெளிநாட்டிலிருந்து பெருவிலைக்கு வந்தது. 1992-இல் ஆரோலேப் என்னும் அமைப்பின் வாயிலாக அதனை இங்கேயே மலிவாகச் செய்யலாயினர். வெங்கடசாமி 2006-இல் மறைந்த பின்னும் பணி தொடர்கிறது. அங்கும் கணக்கு உண்டு, சிக்கனம் உண்டு, உபரியும் உண்டு. அவ்வுபரி எதற்கு என்பதில்தான் வேறுபாடு. நாம் ஔஷத தானம் என்பதை அவர்கள் ஒரு நிறுவனத்தின் அன்றாட நடைமுறையாகவே ஆக்கிவிட்டனர்.

நான் கற்ற பாடம்

2015 டிசம்பர் பெருமழையை நம் மாவட்டத்தார் மறந்திரார். பாலும் குடிநீரும் மெழுகுவத்தியும் பல இடங்களில் பன்மடங்கு விலைக்கு விற்றன. அப்போது என் தம்பி ஒரு சிற்றூரில் மளிகைக் கடை நடத்தி வந்தார். "அக்கா, புதுச் சரக்கு வரவில்லை. விலையை ஏற்றினால் பாங்கிக் கடனில் ஒரு பங்கைத் தீர்த்துவிடலாம். என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். அக்கடன் அவரை எவ்வளவு வாட்டியது என்பதை அறிவேன். ஆதலால், "உன் விருப்பம்" என்று மட்டும் சொன்னேன். ஆண்டுக்கணக்காக அணுவிரதம் கற்பித்த நாவுக்கு அன்று வேறு சொல் எழவில்லை.

அவர் பழைய விலைக்கே விற்றார். எல்லோர்க்கும் எட்டும்படி, வீட்டுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தார். பணமில்லாதவர்க்குக் கடனாகவும் கொடுத்தார். கடன் பெற்றவருள் சிலர் இறுதிவரை திருப்பித் தரவேயில்லை. பாங்கிக் கடன் அடைய மேலும் ஈராண்டுகள் ஆயின. நட்டம் நட்டமே; அதனை மறைத்துச் சொல்வது பாடமாகாது. விரதங்களின் பெயர்களை நான் பிழையின்றி ஒப்புவித்து வந்தேன்; அவற்றின் விலையைச் செலுத்தியவர் அவர்.

அடுத்த ஞாயிறு அச்சிறுமிக்கு இவ்வாறு விடை கூறினேன்: "குழந்தாய், உன் தந்தையார் பாவம் செய்யவில்லை. ஊர் பிழைக்கக் கடை நடத்துகிறார்; கடை பிழைக்க லாபம் பெறுகிறார். இவ்வரிசை மாறாதவரை அவர் தொழில் அறமே. மாறும் நாளில் அவருக்கு நினைவூட்டு. என்னைப் போல் வாளாவிராதே."

வீட்டில் கலந்து சிந்திக்க

1. ஆதிபகவன் கற்பித்த அறுவகைத் தொழில்களுள் நம் குடும்பத்தில் எவை உள்ளன? அவற்றால் பிறர் பெறும் நன்மை யாது?

2. கள்ளாமையின் ஐந்து குற்றங்களுள் நம் தொழிலில் எளிதில் நேரக்கூடியது எது?

3. நம்மிடம் பணிபுரிவோர் எவ்வேளையில் உண்கின்றனர், எங்கே அமர்கின்றனர் என்பதை அறிவோமா?

4. இவ்வளவு போதும் என்று நம் வருவாய்க்கு வரையறை செய்துள்ளோமா? மிகுவது எந்தத் தானத்திற்கு?

அறம் வளர்க!