வண்டுகளில் நல்லது எது, கெட்டது எது?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசல் பூமியில் மழையை நம்பிப் பருத்தியும் பயறும் விதைக்கும் விவசாயிகள் பலர், செடியில் வண்டைக் கண்டவுடன் மருந்து தெளிக்கின்றனர். ஆனால் எல்லா வண்டும் பயிரைத் தின்பதில்லை. நல்ல வண்டுகள் மடிந்தால் மருந்துச் செலவு வீணாவதோடு, அசுவினி முன்னைவிட வேகமாகப் பெருகும். ஆகவே வண்டுகளை இனம் கண்டுகொள்வது அவசியம்.

பொறிவண்டு: இது விவசாயியின் நண்பன். துவரம் பருப்பைக் கவிழ்த்து வைத்தாற்போல் இருக்கும். மஞ்சள், ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறத்தில் கறுப்புக் கோடுகளோ புள்ளிகளோ உண்டு. முதுகு பளபளக்கும். பருத்தி, தட்டைப்பயறு, மொச்சைச் செடிகளில் அசுவினி கூடிய இடத்தில் காணலாம். இதன் புழு கருமையாக, சிறு முதலை போன்ற உருவத்துடன் வேகமாக ஓடும். அதைக் கெட்ட புழு என்று நசுக்கிவிடக் கூடாது. வண்டும் புழுவும் அசுவினியைத் தின்பவை. 1888-89ல் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட ஒருவகைப் பொறிவண்டுதான் அமெரிக்காவில் கலிபோர்னியா ஆரஞ்சுத் தோட்டங்களைச் செதில் பூச்சியிடமிருந்து காப்பாற்றியது.

கத்தரிப் புள்ளி வண்டு: பொறிவண்டின் குடும்பம்தான்; ஆனால் பகைவன். முதுகில் பளபளப்பு இராது. மெல்லிய ரோமமும் பல கறுப்புப் புள்ளிகளும் இருக்கும். புழு மஞ்சளாக, முள்முள்ளாக, மெதுவாக நகரும். இலையின் பச்சையத்தைச் சுரண்டிச் சல்லடையாக்கிவிடும். முட்டை, புழு, வண்டுகளைக் காலையில் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த நீரில் போடலாம். 5 சத வேப்பங்கொட்டைச் சாறும் தெளிக்கலாம்.

தண்டுக் கூன்வண்டு: இதன் புழு பருத்தித் தண்டைக் குடைவதால் தரையை ஒட்டி வீக்கம் தோன்றும், காற்றடித்தால் செடி ஒடியும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு இடலாம். செடிகளுக்கு மண் அணைத்தல் நலம்.

கொப்புள வண்டு: கறுப்பில் ஆரஞ்சுப் பட்டையுடன் துவரை, பாசிப்பயறுப் பூக்களைத் தின்னும். இதன் புழு மண்ணிலுள்ள வெட்டுக்கிளி முட்டைகளைத் தின்பதுண்டு. எனினும் பூக்கும் பருவத்தில் வண்டு மிகுந்தால் வலையால் பிடித்து அழிக்கலாம். உடல் நீர் பட்டால் தோல் கொப்பளிக்கும். கையில் உறை அணிவது நல்லது.

தெளிக்கும் முன்பு புஞ்சையின் நான்கு மூலையிலும் நடுவிலும் சில செடிகளைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அசுவினியுடன் பொறிவண்டும் நிறைய இருந்தால் சில நாள் பொறுக்கலாம். வரப்போரம் தட்டைப்பயறு விதைத்தால் பொறிவண்டு பெருகும். சந்தேகமான வண்டைச் சிறு புட்டியில் இட்டு, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ அருப்புக்கோட்டை மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ காட்டித் தெளிவு பெறலாம்.