கூத்துக் களரியில் உங்களுக்கும் ஓர் இடம்

தமிழக முகாமிலிருந்து திரும்பித் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் குடியமர்ந்திருக்கிறீர்கள். பதிவு அலுவல்கள் முடிந்திருக்கும். பேச ஆள் இருக்காது. பிள்ளையின் பேச்சைக் கேட்டு மற்றப் பிள்ளைகள் சிரித்துமிருக்கலாம்.

அருகில் எங்காவது கூத்து அல்லது நாடகம் பழகுகிறார்களா என்று விசாரியுங்கள். பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தரிடமும் கேட்கலாம்.

"எனக்கு ஆட வராது" என்று ஒதுங்க வேண்டாம். கிழக்கின் கூத்தில் அண்ணாவியார் மத்தளம் அடிக்க, ஆடுபவர் பாடிய வரியைப் பிற்பாட்டுக்காரர் சேர்ந்து திருப்பிப் பாடுவார்கள். கூச்சமுள்ளவர் அங்கே நிற்கலாம். பிழை விட்டாலும் கூட்டத்தில் கரைந்துவிடும். ஆடுபவருக்கு அவரவர் பாட்டை எழுதிக் கொடுப்பதைச் 'சட்டம் கொடுத்தல்' என்பார்கள். பிறகு அரங்கேற்றம் வரை பல வாரம் இரவுப் பழக்கம். அக்கம்பக்கத்தவரின் பெயர்கள் அப்போதுதான், பெரும்பாலும் தேநீர் குடிக்கையில், மனதில் பதியும்.

கூத்துப் பாட்டின் தமிழ் எவர் வீட்டுப் பேச்சும் இல்லை. எல்லோரும் அதைப் பழகத்தான் வேண்டும். உங்கள் பிள்ளையும் மற்றவர்களோடு ஒன்றாகத் தொடங்கும்.

இலங்கையில் 1978இல் தொடங்கிய தமிழ் அவைக்காற்றுக் கலைக் கழகம் பின்னர் லண்டனில் புலம்பெயர்ந்தோர் நடுவிலும் நாடகம் போட்டது.

உடுப்புக்கென்று கடன்பட வேண்டாம். முதல் இரவு பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அண்ணாவியாரிடம் பேசுங்கள்.